மேல்வீட்டுக் கண்ணாடித் தொட்டி

அன்று காலை ஒரு டம்ளர் காபி மிச்சமாகிவிட்டது.

மதிவதனி தட்டைக் கையில் பிடித்தபடி கூடத்து நிலைப்படியில் நின்று மறுபடி எண்ணிப் பார்த்தாள். பதினொரு டம்ளர் ஊற்றியிருந்தாள். பத்துப் பேர் எடுத்துக்கொண்டார்கள். தன்னை அவள் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லோரும் குடித்தபின் பாத்திரத்தின் அடியில் கிடப்பதுதான் அவளுக்கு. பதினோராவது டம்ளரின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.

"கோதண்டராமன் மாமா எங்க அத்தை? குளிக்கிறாரா?"

மாமியார் சந்திரம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஊருக்குப் போயிட்டான்."

"எப்போ?"

"விடியக்காலையில."

தீபத் திருவிழாவுக்குக் கொடியேறி அன்று மூன்றாம் நாள். வருஷா வருஷம் சந்திரம்மாளின் தம்பி சகாதேவன் வந்தவாசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பத்து நாளும் தங்கிவிட்டுப் போவார். அவர், அவர் மனைவி ஜோதியம்மாள், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், விதவைத் தங்கை ஒருத்தி, கடைசித் தம்பி கோதண்டராமன் என்று எட்டுப் பேர். வீட்டு ஆட்கள் சந்திரம்மாள், மதிவதனியின் புருஷன் மணிவேல், நாலு வயது மகள் கவியா. ஆகப் பதினொன்று. எல்லோரும் கூடத்தில் பாய்களை ஒட்டி ஒட்டிப் போட்டுப் படுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் யார் கை யார் மேல் கிடக்கிறது என்று தெரியாது.

முந்தின நாள்தான் சகாதேவன் எல்லோரையும் சிரிக்க வைத்தார். "என் தம்பி இருக்கானே, காபி வயித்துக்குள்ள போகாம செருப்பைக்கூட மாட்டமாட்டான். எமன் வந்தாலும், இருய்யா ஒரு வாய் குடிச்சிட்டு வரேன்னுதான் சொல்லுவான்." கோதண்டராமனும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

இன்று சகாதேவன் பேசாமல் காபியை உறிஞ்சினார். அவர் முகம் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது.

மதிவதனி டம்ளரோடு வாசலுக்குப் போனாள். செருப்புக் குவியலின் ஓரத்தில் கோதண்டராமனின் டயர் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன.

*

அவர்கள் வீடு ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. மாடியில் ஒரே ஓர் அறை. படிக்கட்டு வெளியே. போன ஆடி மாதத்திலிருந்து அதில் யோஹான் என்ற வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். தியானத்துக்கு வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவரோ புளியமரப் பொந்துகளில் டார்ச் அடித்துக்கொண்டு திரிந்தார்.

அவர் அறையில் பீரோ அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மண், சாய்த்து வைத்த புளியம்பட்டை, வெள்ளைத் துணி போலத் திரண்ட வலை. பட்டையை அவர் முதல்முறை விலக்கிக் காட்டியபோது சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். பதினொரு சிலந்திகள். ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கை அளவு. சாம்பலும் கறுப்புமாகக் கோலம் போட்ட முதுகு. கால்களின் அடிப்பக்கம் மஞ்சள். ஒன்றின் மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு, நெருக்கியடித்து, அசையாமல் இருந்தன.

மதிவதனி ஓடவில்லை. "பயம் இல்லை. நல்லது," என்று யோஹான் மகிழ்ந்து போனார். அது தைரியமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டாவது பிரசவம். ஆண் குழந்தை, அழவேயில்லை. அவளும் அழவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. கொதிக்கிற டம்ளரை வெறுங்கையால் தூக்கினால் சந்திரம்மாள்தான் "ஐயோ" என்று கத்துவாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கவியா ஒருத்தியைத்தான் அவளால் தொட்டுணர முடிந்தது. அதுவும் அவளை மடியில் இருத்தி, முகத்தைத் தலைமுடியில் புதைத்து, தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த வாசனையை இழுத்தால்தான் ஏதோ கொஞ்சம் உள்ளே இறங்கும். அதுவும் போய்விட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

யோஹானுக்குத் திருவிழாக் கூட்டம் ஆகாது. விசா வேலையும் இருந்தது. தீபம் முடிந்து வருகிறேன் என்று அறைச் சாவியை அவளிடம் கொடுத்தார். மூடி போட்ட ஒரு பக்கெட்டில் கரப்பான் பூச்சிகள் வளர்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் இடுக்கியால் எடுத்து உள்ளே போட வேண்டும்.

"எல்லாம் ஒரே அம்மா. ஒரே முட்டைப் பை," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அண்ணன், தங்கச்சி. வயிறு நிறைய இருக்கு, சண்டை இல்லை. சாப்பாடு இல்லைன்னா..." சரியான வார்த்தை கிடைக்காமல் இரண்டு கைகளையும் எதிரெதிரே வைத்து, விரல்களைக் கோத்து, மெதுவாக மூடிக் காட்டினார்.

கொடியேறின அன்று மதிவதனி கரப்பான் போடுவதைச் சந்திரம்மாள் பார்த்துவிட்டாள். ஒரே பூச்சியை ஆறேழு சிலந்திகள் சேர்ந்து, தலையோடு தலை சேர்த்து, சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தன.

"இன்னாடி பண்ற? கொடியேறியிருக்குது! தீபம் முடியற வரைக்கும் இந்த வூட்டுல முட்டைகூட ஒடைக்கறதில்ல. மலை பார்த்துனு இருக்கு. அதுக்கு முன்னால உயிரைப் புடிச்சிப் போட்டுனு இருக்கிற?"

"அது பசிச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுமாம் அத்தை."

"பத்து நாள் விரதம் இருந்தா ஒண்ணும் ஆகாது. நாம இல்லியா? ஒரு மூடியில பால் வை, போதும்."

பக்கெட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் கவிழ்க்கச் சொன்னாள். மதிவதனி கவிழ்த்தாள். பூச்சிகள் காய்ந்த புல்லில் சரசரவென்று ஓடி மறைந்தன. திரும்பி வந்து ஒரு மூடியில் பால் வைத்தாள்.

*

டயர் செருப்பைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் மாடிக்குப் போனாள். திரை போட்ட அறை பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஈர மண்ணின் வாசனையோடு திரிந்த பாலின் புளிப்பும் கலந்திருந்தது. ஆசிரமத்து மயில் ஒன்று எங்கோ அகவியது. மூடியின் பக்கத்தில் ஒரு சிலந்தி மல்லாந்து கிடந்தது. இடுக்கியால் தொட்டாள். கனமே இல்லை. எட்டுக் காலும், ஒவ்வொரு மயிரும், பல்லும்கூட இருந்தது. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. வெறும் கூடு. அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று.

பட்டையை விலக்கி எண்ணினாள். ஒன்பது.

மறுநாள் காலை கூடத்தில் ஒன்பது பேர் காபி எடுத்தார்கள். சகாதேவனின் விதவைத் தங்கை இல்லை.

"அவளும் போயிட்டாளா?"

"போயிட்டா," என்றாள் ஜோதியம்மாள். தங்கை என்றால் உயிரை விடுகிற சகாதேவன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மதிவதனி சாயங்காலம் தொட்டியை எண்ணினாள், காலையில் கூடத்தை எண்ணினாள். தொட்டியில் எத்தனையோ, விடிந்தால் கூடத்திலும் அத்தனை. ஐந்தாம் நாள் எட்டு. ஆறாம் நாள் ஏழு. செருப்புகள் மட்டும் ஒரு ஜோடிகூடக் குறையவில்லை.

சாப்பாடு மிஞ்சியது. வடித்த சோறு வடித்தபடி குண்டானில் விறைத்துக் கிடந்தது. சாம்பாரின் மேல் எண்ணெய் உறைந்தது. இலை போடட்டுமா என்று கேட்டால், "பசிக்கல மதி," என்றார்கள். ஒருவர் சொன்ன அதே குரலில் அடுத்தவரும். பசிக்கவில்லை என்றவர்கள் யாரும் வாடவில்லை. கழுத்து மடிந்து, கன்னம் உப்பி, தோல் பளபளத்தது. கூடத்தில் இடம் தாராளமாக இருந்தும் தள்ளிப் படுக்கவில்லை. போனவர்களின் இடம் ஒரு நாளும் காலியாகக் கிடந்ததில்லை. மீதிப் பேர் நகர்ந்து நகர்ந்து அதை மூடிக்கொண்டார்கள்.

நடுவில் கவியா படுத்திருந்தாள்.

"கவியா, அம்மாகிட்ட வா. நாம சமையல் உள்ள படுத்துக்கலாம்."

"நான் வரல. இங்கதான் கதகதன்னு இருக்குது."

தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுக்கொள்வாள். கண் விழித்தால் பக்கத்தில் பாய்தான் இருக்கும். குழந்தை எழுந்து போய் அவர்களுக்கு நடுவில் படுத்திருக்கும்.

*

ஏழாம் நாள், தேரோட்டம். ஊரே மாட வீதிகளில் இருந்தது. மதிவதனி ஒரு மஞ்சள் பையில் கவியாவின் இரண்டு கவுனைத் திணித்தாள். அவள் அம்மா வீடு செங்கத்துக்குப் பக்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கவியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். எதிரே எதிரே ஜனம். அவள் மட்டும் கூட்டத்தை எதிர்த்து நடந்தாள். வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

"வீட்டுக்குப் போலாம்மா," என்று கவியா முனகினாள். பிறகு அழுதாள். பிறகு காலை உதைத்துக் கத்தினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னால் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம். மணிவேல்.

அவன் திட்டவில்லை. பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டான். "எங்க போற மதி?"

"பாப்பாவை எங்கம்மா வூட்ல விட்டுட்டு வந்துடறேன். வூட்ல ஆளுங்க கம்மியாயினே இருக்காங்க. உனக்குத் தெரியலியா?"

"திருவிழாக்கு வந்தவங்க. வருவாங்க, போவாங்க."

"செருப்பு இல்லாமயா?"

அவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண்களில் இரக்கம் இருந்தது. "எட்டு மாசமா நீ நீயாவே இல்ல. தீபம் முடியட்டும், வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டலாம். இப்ப ஏறு."

ஒருவேளை அப்படித்தானோ என்று அவளுக்கும் தோன்றியது. கத்திக்கொண்டிருந்த குழந்தை அப்பனைப் பார்த்ததும் நிறுத்தியது. மதிவதனி ஏறினாள்.

வண்டியில் அவன் முதுகில் முகம் பட்டது. அவன் மேல் எப்போதும் கிரீஸ் வாடை அடிக்கும்; பம்புசெட் கடை வேலை. அதோடு இப்போது வேறொன்றும் கலந்திருந்தது. கோதண்டராமன் மாமா போடும் மூக்குப்பொடியின் வாசனை.

*

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தொட்டியில் நாலு இருந்தன. அவள் குளியலறைச் சாக்கடையில் காத்திருந்து ஒரு கரப்பானைப் பிடித்தாள். மலை பார்த்தால் பார்க்கட்டும். மாடிக்கு எடுத்துப் போய் உள்ளே போட்டாள்.

பூச்சி மண்ணில் ஓடியது. பட்டையில் ஏறியது. ஒரு சிலந்தியின் காலில் ஏறி, முதுகைக் கடந்து, அடுத்ததன் மேல் இறங்கியது. அவை அசையவில்லை. பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு அவற்றின் நடுவே நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை.

அவற்றுக்கு இப்போது அது வேண்டியதாக இல்லை.

மதிவதனி கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பஞ்சு மூட்டைக்குள் யாரோ கூப்பிடுவது போல எங்கேயோ இருந்தது.

*

தீபத்தன்று காலையில் நாலு டம்ளர். சந்திரம்மாள், சகாதேவன், மணிவேல், கவியா. காபியையும் அவர்கள் வாயில் வைக்கவில்லை. ஜோதியம்மாள் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பகலெல்லாம் ஜனம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. மணி ஐந்தரைக்கு அவள் மாடியறையைத் திறந்தாள்.

ஒன்று.

ஒரே ஒன்று. அது பட்டைக்குள் இல்லை. முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது. அதன் கீழே வெறுங்கூடுகள். பத்து. எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்தபடி. இருந்ததிலேயே சின்னதாக, எப்போதும் நடுவில் கிடக்குமே, அதுதான் என்று அதன் முதுகுக் கோலத்தில் அடையாளம் தெரிந்தது.

கீழே ஓடி வந்தாள். கூடம் இருட்டாக இருந்தது. உச்சியில் தீபம் தெரிகிறவரை ஊரில் யாரும் விளக்கேற்றுவதில்லை. சந்திரம்மாள் அகல்களில் எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள்.

"வாங்க, மாடிக்குப் போலாம்," என்றார் சகாதேவன்.

"மதி, நீ இங்கயே இரு. தீபம் தெரிஞ்சதும் கத்தறோம், நீ அகலை ஏத்து," என்றாள் சந்திரம்மாள்.

மணிவேல் குழந்தைக்குக் கையை நீட்டினான். கவியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நானும் போவட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியிலேயே இருந்தது. வேறு யாருடைய கையோ போல.

அவர்கள் படியேறினார்கள். நாலு பேர். காலடிகள் தலைக்கு மேல் நடந்து, நின்றன.

அவள் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மாடிகளில் பேச்சு. குழந்தைகள். எங்கோ சங்கு. எல்லாம் ஒரு கணம் அடங்கியது.

பிறகு ஊர் கத்தியது. சந்து சந்தாக, மாடி மாடியாக, லட்சம் தொண்டைகள் ஒன்றாகத் திறந்து, அரோகரா என்று எழுந்த சத்தத்தில் அகல்களில் எண்ணெய் நடுங்கியது.

அவர்கள் மாடியிலிருந்து ஒரு குரல்தான் கேட்டது. சின்னக் குரல்.

"அரோகரா."

மதிவதனி தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் அகல் பற்றியது. இரண்டாவதற்குக் குச்சியைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

யாரோ படியிறங்கினார்கள்.

தொம்.

நெல் மூட்டையை இறக்கி வைத்தது போல.

தொம்.

காரை பெயர்ந்து உதிரும் ஓசை. மறுபடி தொம். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மெல்லிய கொலுசுச் சத்தம்.

நிலைப்படியில் கவியா வந்து நின்றாள். அதே பச்சைக் கவுன். அதே ரெட்டைச் சடை. முகம் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை நூல் நூலாக விரிந்துகொண்டிருந்தது.

"அப்பா எங்கம்மா?"

கேட்டது மதிவதனி. குழந்தை தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.

மதிவதனி எழுந்து போனாள். குனிந்தாள். குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. பலமாகத் தூக்கினாள். தரையோடு கட்டியது போல இருந்தது.

கவியா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூடாக இருந்தது. மதிவதனி முகத்தை அந்தத் தலைமுடியில் புதைத்தாள். தேங்காயெண்ணெய். வியர்வை. கிரீஸ். மூக்குப்பொடி.

அவள் முதுகில் ஒரு உள்ளங்கை மெதுவாகப் பதிந்தது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. எந்த இருட்டிலும் அவளுக்குத் தெரியும். இடுப்பில் இன்னொரு கை. அதில் தளர்ந்த வளையல், அத்தையுடையது, குளிர்ச்சியாகப் பட்டது. தோளில் ஒன்று. முழங்கையில் ஒன்று. விலாவில், ஒவ்வொரு விரலாக, ஒன்று.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அகல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

கவியாவின் கைகள் இரண்டும் அவள் கழுத்தில்தான் இருந்தன.